சாவுக்கும் அறைக் கணக்கு உண்டு

(ஆழ்வார்திருநகரியில் நடைபெற்ற கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஆழ்வார்திருநகரியில் கூட்டம் போட்டுவிட்டு, பம்பாய் நகரத்தில் நூறு வருஷத்துக்கு முன்னால் ஜனங்கள் எப்படிச் செத்தார்கள் என்று ஏன் பேசவேண்டும்? உங்களில் சிலருக்கு இந்தக் கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தாமிரவருணிக் கரைக்கும் பம்பாய்க்கும் உள்ள சம்பந்தம் இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஜனங்கள் ரயிலேறித் தாராவிக்குப் போனார்கள். மாகிம் கழிமுகத்தின் சேற்றோரத்தில் தோல் பதனிடும் வேலை செய்தார்கள். நிலமில்லாதவன் போனான், சாதிக் கொடுமை தாங்காதவன் போனான், மழை பொய்த்த வருஷத்தில் மற்றவனும் போனான். இன்றும் நம் பக்கத்துக் கிராமங்களில், தாராவியில் ஒரு சித்தப்பாவோ அத்தையோ இல்லாத தெரு அபூர்வம்.

2020-ஆம் வருஷம் மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். கொரோனாவுக்குப் பயந்து, வேலையும் கூலியும் இழந்து, மராட்டியத்திலிருந்து நம் ஜனங்கள் ஊர் திரும்பினார்கள். கங்கைகொண்டான் சோதனைச் சாவடியில் அவர்களை நிறுத்திப் பரிசோதித்தார்கள். நெல்லையிலும் தூத்துக்குடியிலும் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறியது. அப்பொழுது தெருவில் என்ன பேச்சு? "பம்பாய்க்காரன் வியாதியைக் கொண்டுவந்துவிட்டான்" என்றுதானே பேசினார்கள்!

இந்தப் பேச்சும் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் கூலி ஜனங்களைத் தூத்துக்குடிக்குப் பக்கத்திலுள்ள தட்டப்பாறையிலும், பின்னால் மண்டபத்திலும் முகாம் போட்டு அடைத்துவைத்தார்கள். நோய் இல்லையென்று தெரிந்த பிறகே கப்பலேற விட்டார்கள். தோட்டத்திலே அவர்களை அடைத்த லயத்து அறை எப்படி இருக்கிறது, குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அதே கண்டிப்போடு யாராவது விசாரித்தார்களா?

நோயை யார் கொண்டுவந்தான் என்று கேட்பது சுலபம். வந்த நோய் எந்த வீட்டில் தங்கியது, ஏன் அங்கே தங்கியது என்று கேட்பதுதான் கஷ்டம். இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடவே நாம் பம்பாய்க்குப் போகிறோம்.

மாண்ட்வியில் செத்த எலிகள்

1896-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம். பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டி மாண்ட்வி என்று ஒரு பேட்டை. கப்பலில் வருகிற தானியமெல்லாம் அங்கேதான் கிட்டங்கியில் இறங்கும். கீழே தானிய மூட்டை. மேலே நாலைந்து மாடிகளில் ஜனங்கள். அந்தப் பேட்டையில் காய்ச்சல் கண்டு, அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டி, சில நாட்களுக்குள் மனிதர்கள் சாக ஆரம்பித்தார்கள். அக்காசியோ வியேகாஸ் என்ற கோவாக்கார டாக்டர் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, இது பிளேக் என்று தைரியமாகச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், 1894-இல், ஹாங்காங்கில் பரவிய அதே கொள்ளை நோய்.

பம்பாய் காலியாயிற்று. ரயிலிலும் படகிலும் கால்நடையாகவும் லட்சக்கணக்கில் ஜனங்கள் வெளியேறினார்கள். 1891 ஜனத்தொகைக் கணக்கில் 8 லட்சத்து 21 ஆயிரம் பேர் இருந்த நகரத்தில், 1901-இல் 7 லட்சத்து 76 ஆயிரம் பேர்தான் இருந்தார்கள். பத்து வருஷத்தில் வளரவேண்டிய நகரம் சுருங்கிவிட்டது. மில்களில் ஆள் இல்லை. அதுவரை மாதக் கணக்கில் கூலியைப் பிடித்துவைத்திருந்த முதலாளிகள், அன்றாடக் கூலி தருகிறோம் என்று சொல்லித் தெருமுனையில் நின்று தொழிலாளியை ஏலம் கேட்டார்கள்! அன்று பம்பாய்த் தொழிலாளி ஒரு விஷயம் தெரிந்துகொண்டான்: தான் இல்லாவிட்டால் மில்லின் புகைபோக்கியில் புகை வராது.

பம்பாயோடு நிற்கவில்லை பிளேக். பூனாவுக்குப் போயிற்று, பஞ்சாபுக்குப் போயிற்று, தெற்கே நம் ராஜதானிக்குள்ளும் வந்தது. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்றே கோயில் இருக்கிறது. ஜனங்களுக்கு வேறு எந்தக் கதவும் திறக்காதபோது அம்மன் சந்நிதிக் கதவைத்தான் தட்டினார்கள். 1896-இலிருந்து 1921 வரை இந்தியாவில் பிளேக்குக்குப் பலியானவர்கள் சுமார் ஒரு கோடிப் பேர். பூனாவில் பெண் கல்விக்குப் பாடுபட்ட சாவித்திரிபாய் பூலே, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தபோது அதே நோய் தொற்றி 1897 மார்ச் 10-ஆம் தேதி மாண்டார்.

சர்க்கார் என்ன செய்தது?

வெள்ளைக்கார சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 1897 பிப்ரவரி 4-ஆம் தேதி தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. நாலே நாலு பிரிவுகள் கொண்ட சட்டம். எந்த வீட்டிலும் நுழையலாம், யாரையும் நிறுத்தலாம், எவரையும் பிரித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம், இவற்றைச் செய்த அதிகாரி மீது வழக்குத் தொடர முடியாது. சட்டத்தின் சாரம் இவ்வளவுதான். ஜனங்களுக்கு இன்ன வசதி செய்துதர வேண்டும் என்று சர்க்காரைக் கட்டுப்படுத்தும் ஒரு வார்த்தை அதில் இல்லை. இந்தச் சட்டத்தைத்தான் 2020-ஆம் வருஷத்திலும் பெட்டியிலிருந்து எடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பட்டாளத்துக்காரன் வீட்டுக்குள் நுழைந்தான். பண்டபாத்திரங்களை வெளியே போட்டுக் கொளுத்தினான். கூரையைப் பிரித்தான். பெண்டு பிள்ளைகளை நிறுத்தி நெறி இருக்கிறதா என்று பார்த்தான். 1896 அக்டோபர் 29-ஆம் தேதி சுமார் ஆயிரம் மில் தொழிலாளிகள் பம்பாய் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். 1898 மார்ச் 9-ஆம் தேதி நோய்ச் சோதனையை எதிர்த்து நகரத்தில் பெருங் கலகம் மூண்டது. பூனாவில் கெடுபிடிக்குப் பேர்போன ராண்டு என்ற அதிகாரியை 1897 ஜூன் 22-ஆம் தேதி சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள்.

"பாமர ஜனங்கள், வைத்தியம் தெரியாத மூடர்கள், அதனால் கலகம் செய்தார்கள்" என்று அன்றைய அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். ஆஸ்பத்திரியைத் தாக்கியது சரி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். அன்றைக்கு பிளேக்குக்கு மருந்து ஏது? ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பிணமாகத்தான் வந்தார்கள். வீட்டை இடித்தவன் மாற்று வீடு தரவில்லை. இடிப்பதற்கு ஆள் அனுப்பிய சர்க்கார், கட்டுவதற்கு ஆள் அனுப்பவில்லை. ஜனங்கள் எதிர்த்தது வைத்தியத்தை மட்டுமல்ல; தங்களை மனிதர்களாகப் பாவிக்காத அந்த முறையையும் எதிர்த்தார்கள்.

தெள்ளுப்பூச்சி சொன்ன உண்மை

நோய் எப்படிப் பரவுகிறது என்பது ஆரம்பத்தில் சர்க்காருக்கே தெரியாது. சாக்கடை நாற்றத்தால் வருகிறது என்று நினைத்து, கடல் தண்ணீரையும் கார்பாலிக் திராவகத்தையும் பீப்பாய் பீப்பாயாக வாறுகாலில் கொட்டினார்கள். 1898-இல் பால் லூயி சீமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் கராச்சியில் ஆராய்ச்சி செய்து, எலியின் மேலிருக்கிற தெள்ளுப்பூச்சிதான் பிளேக்கைக் கொண்டுபோகிறது என்று கண்டுபிடித்தார். பல வருஷங்கள் யாரும் நம்பவில்லை.

1905-க்குப் பிறகு பம்பாய்ப் பரேலில் பெரிய பரிசோதனை நடந்தது. கினிப் பன்றி என்று எலி இனத்தில் ஒரு சின்னப் பிராணி உண்டு. அதைக் கூண்டில் வைத்து, பிளேக் தெள்ளு இருக்கிற தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் ஒரு கூண்டையும், இரண்டு அடி உயரத்தில் இன்னொரு கூண்டையும் தொங்கவிட்டார்கள். கீழ்க்கூண்டுப் பிராணிக்கு நோய் கண்டது. மேல்கூண்டுப் பிராணி பிழைத்தது. தெள்ளுப்பூச்சியால் அவ்வளவு உயரம் எம்ப முடியாது. காற்று இரண்டு கூண்டுக்கும் ஒன்றே, நாற்றமும் ஒன்றே, வித்தியாசம் உயரம் மட்டுமே!

எலிக்கு எங்கே தானியம் கிடைக்கிறதோ, எங்கே சுவரில் ஓட்டை இருக்கிறதோ, அங்கே எலி இருக்கும். எலி செத்தால் தெள்ளு வேறு உடம்பைத் தேடும். கிட்டங்கியின் மேலே தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவன் உடம்புதான் அதற்கு அகப்படும். மலபார் குன்றின்மேல் பங்களாவில் கட்டிலில் படுத்திருப்பவனிடம் அது எளிதில் போய்ச்சேராது. ஆக, தெள்ளுப்பூச்சிக்கு வர்க்கம் தெரியாது. ஆனால் மனிதர்களைக் குடிவைத்த முறையிலே வர்க்கம் இருந்தது.

அந்தப் பரிசோதனை நடந்த பரேல் கட்டடம் எது தெரியுமா? அது பழைய கவர்னர் மாளிகை. 1882-இல் கவர்னர் பெர்குசனின் மனைவி அங்கே காலராவில் இறந்துபோனாள். அதன் பிறகு கவர்னர்கள் கடலோரத்தில் மலபார் முனைக்குக் குடிபோய்விட்டார்கள். மாளிகை காலியாகக் கிடந்தது. அதில்தான் 1899-இல் பிளேக் ஆராய்ச்சிக் கூடம் வந்தது. பிளேக் தடுப்பூசியைக் கண்டுபிடித்து, 1897 ஜனவரி 10-ஆம் தேதி முதலில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தவர் ஹாஃப்கின். ஒடெஸா நகரத்தில் பிறந்த யூதர். அவர் பெயரையே 1925-இல் அந்தக் கூடத்துக்கு வைத்தார்கள். விஞ்ஞானிக்கு நம் வணக்கம்! ஆனால் ஒரு விஷயத்தை மறக்கவேண்டாம். கவர்னர் வீட்டில் ஒரு சாவு விழுந்தது. கவர்னர் வேறு வீட்டுக்குப் போனார். பரேல் மில் தொழிலாளியின் வீட்டில் வருஷா வருஷம் சாவு விழுந்தது. அவன் எங்கே போவான்?

சாலையின் இரண்டு பக்கம்

1898-இல் பம்பாய் அபிவிருத்தி டிரஸ்டு என்று ஒரு ஸ்தாபனத்தைச் சட்டம் போட்டு அமைத்தார்கள். நெருக்கமான பேட்டைகளை இடித்து, காற்றோட்டமான சாலை போட்டு, ஏழைகளுக்குச் சுகாதாரமான வீடு கட்டுவது அதன் நோக்கம் என்றார்கள். சாலை வந்தது, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு அப்படிப் போட்டதுதான். தாதர், மாதுங்காவில் நடுத்தர வர்க்கத்தாருக்கு அழகான குடியிருப்புகளும் வந்தன. ஆனால் ஏழைகளுக்காகக் கட்டியதைவிட இடித்தது அதிகம். இடிபட்ட வீட்டுக்காரன் வேலைக்கு நடந்து போகிற தூரத்தில்தானே இருந்தாகவேண்டும்? ஆகவே அவன் அடுத்த தெருவில், ஏற்கெனவே நிரம்பி வழிந்த அறையில், கூடுதல் வாடகை கொடுத்து நுழைந்தான். ஒரு தெருவின் நெருக்கடியைத் தூக்கி அடுத்த தெருவில் வைத்ததற்கு அபிவிருத்தி என்று பெயர்!

அந்த அறை எப்படி இருக்கும்? பம்பாயில் அதைச் சால் என்பார்கள். நம் பக்கத்து வளவை மூன்று நாலு மாடிக்கு அடுக்கிவைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். நீளமான ஒரே தாழ்வாரம். அதை ஒட்டி வரிசையாக அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம், சில சமயம் இரண்டு. மாடிக்கெல்லாம் பொதுவாகக் குழாய், பொதுவாகக் கக்கூஸ். அதே அறையில்தான் அடுப்பு, அதே அறையில்தான் பிரசவம், அதே அறையில்தான் காசநோய்க்காரனின் படுக்கை. 1921-22-இல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கின்படி பம்பாய்த் தொழிலாளிக் குடும்பங்களில் நூற்றுக்கு 97 ஒற்றை அறையில் வாழ்ந்தன.

1918: விஷ ஜுரம் எல்லாருக்கும் ஒன்றா?

பிளேக் தணிந்து வருகையில் 1918 ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகத்தில் இன்ஃபுளுவென்ஸா இறங்கிற்று. உலக யுத்தத்தின் கடைசி வருஷம். மழை பொய்த்து, தானிய விலை ஏறி, ஜனங்கள் அரைவயிற்றோடு இருந்த வருஷம். செப்டம்பரில் ஜுரம் இரண்டாம் தடவை கொடூரமாகத் திரும்பியது. அக்டோபர் 6-ஆம் தேதி ஒரே நாளில் பம்பாயில் பதிவான சாவு 768. இந்தியா முழுவதிலும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களை அந்த ஜுரம் கொண்டுபோயிற்று. உலகத்தில் வேறெந்த நாடும் இவ்வளவு பேரைப் பறிகொடுக்கவில்லை என்றே சரித்திர ஆசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள்.

காற்றில் பரவுகிற ஜுரம். இதற்குத் தெள்ளும் வேண்டாம், எலியும் வேண்டாம். பணக்காரனும் மூச்சு விடுகிறான், ஏழையும் மூச்சு விடுகிறான். ஆகவே எல்லாரையும் சமமாக அடித்திருக்க வேண்டுமல்லவா? பம்பாயின் கணக்கைக் கேளுங்கள். ஆயிரம் பேருக்கு இத்தனை பேர் இந்த ஜுரத்தில் மாண்டார்கள் என்ற கணக்கு. ஐரோப்பியர் 8.3. பார்சிகள் 9. மேல்சாதி, இடைசாதி இந்துக்கள் 18.9. முஸ்லிம்கள் 19.2. தாழ்த்தப்பட்ட சாதியினர் என்று சர்க்கார் எழுதிய ஜனங்கள் 61.6!

ஒரே நகரம், ஒரே காற்று, ஒரே கிருமி. ஆனால் ஒருவனுக்கு 8, இன்னொருவனுக்கு 61. உடம்பிலே சாதி இல்லை. தெருவிலே சாதி இருந்தது. கூலியிலே சாதி இருந்தது. குழாயடியிலே சாதி இருந்தது. நோய் அந்த வழியாகத்தான் போயிற்று.

தொட்டிலின் மேல் எழுதிய விலை

இனி நான்கே நான்கு எண்களைச் சொல்லுகிறோம். அவற்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் போதும்.

1921-ஆம் வருஷம் பம்பாய் நகரசபைச் சுகாதார அதிகாரி குழந்தைச் சாவைப் பதிவு செய்கையில், செத்த குழந்தையின் வீட்டில் எத்தனை அறை என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டார். பதிவான ஆயிரம் பிறப்புக்கு, ஒரு வயது நிறையுமுன் செத்த குழந்தைகள்:

ஓர் அறையிலோ அதற்கும் குறைந்த இடத்திலோ வசித்தவர்கள் வீட்டில் 828.
இரண்டு அறை வீட்டில் 321.
மூன்று அறை வீட்டில் 191.
நாலு அறையும் அதற்கு மேலும் உள்ள வீட்டில் 133.

இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு. அதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகல்ல. தொழிலாளி வீட்டுப் பெண்கள் பலர் பிரசவத்துக்குச் சொந்தக் கிராமத்துக்குப் போனார்கள். பிறப்பு கிராமத்தில் பதிவாயிற்று. திரும்பி வந்தபின் குழந்தை செத்தால் சாவு பம்பாயில் பதிவாயிற்று. ஆகையால் 828 என்பது உண்மையைவிட மிகையான எண். சரி, மிகையைக் கழியுங்கள்! பாதியாகக் குறைத்தாலும் 414 அல்லவா? அப்போதும் நாலு அறை வீட்டைப்போல மூன்று பங்கு! எண்ணைக் குறைக்கலாம். ஏணியை மறைக்க முடியாது.

தாய்மார்கள் கேட்கலாம்: பெற்றவள் கவனிக்கமாட்டாளா என்று. அவள் எங்கே இருந்தாள்? மில்லில் இருந்தாள். விடிவதற்குள் போய் இருட்டிய பின் வந்தாள். குழந்தையை வைத்துக்கொள்ள மில்லில் இடமில்லை. பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. ஆகவே சின்ன அபின் உருண்டையைக் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டுப் போனாள். 1922-இல் பம்பாய் சர்க்கார் நியமித்த பெண் டாக்டர் விசாரித்துப் பார்த்து, தொழிலாளிப் பெண்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 98 குழந்தைகளுக்கு அபின் கொடுக்கப்படுகிறது என்று எழுதினார். அந்தத் தாய்க்குப் பாசமில்லையா? பாசம் இருந்தது, பிரசவத்துக்குச் சம்பளத்தோடு லீவு இல்லை!

படிப்பு காப்பாற்றுமா? டாக்டர் அம்பேத்கரைப் பாருங்கள். நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துப் பட்டம் வாங்கியவர். பல வருஷங்கள் பரேலில் அபிவிருத்தி டிரஸ்டு கட்டிய சாலில், இரண்டு அறையில் குடும்பத்தோடு வசித்தார். அவருக்கும் ரமாபாய்க்கும் பிறந்த ஐந்து குழந்தைகளில் யஷ்வந்த் ஒருவரே வளர்ந்து ஆளானார். கடைசிப் பிள்ளை ராஜரத்னம் 1926 ஜூலையில் நிமோனியாவில் மடிந்தான். அந்தத் தகப்பனார்தான் 1928-இல் பம்பாய்ச் சட்டசபையில் எழுந்து, பிரசவ காலச் சம்பளம் கொடுப்பது நாட்டின் நன்மைக்கே என்று வாதாடினார். அதே வருஷம் பம்பாய் மில் தொழிலாளிகள் ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1929-இல் பம்பாயில் பிரசவ காலச் சகாயச் சட்டம் வந்தது. நாட்டிலேயே முதல் சட்டம் அது. நம் சென்னை ராஜதானியில் 1934-இல் வந்தது. யாரும் தங்கத் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. கேட்டதால் வந்தது, கூடிக் கேட்டதால் வந்தது.

"மருந்து வந்துவிட்டதே!"

ஒரு நண்பர் கேட்கலாம்: "இதெல்லாம் பழைய கதை. இன்று ஊசி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. அறைக் கணக்கு எதற்கு?"

இதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பெரியம்மையை ஊசிதான் ஒழித்தது. இந்தியாவில் 1975-இல் அது முடிந்துபோயிற்று. அதற்காக எல்லாருக்கும் மச்சுவீடு கட்டிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் இன்னும் பெரிய விஷயத்தை நிரூபித்தது. நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானட்டோரியத்தில் வைத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்து வைத்தியம் செய்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு, அவர்களுடைய நெருக்கமான ஏழை வீட்டிலேயே, அதே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். அவர்கள் வீட்டாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவுமில்லை. உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தையே மாற்றிய ஆராய்ச்சி அது.

இதிலிருந்து நாம் படிக்கவேண்டிய பாடம் என்ன? ஏழையின் குடிசைக்கு மருந்து தவறாமல், விலையில்லாமல், தேடிப்போய்ச் சேர்ந்தால் ஏழை பிழைப்பான். "அவன் வீடு அப்படி, அவன் விதி அப்படி" என்று கைவிடுவதற்கு எவனுக்கும் உரிமை கிடையாது. இது முதல் பாடம்.

ஆனால் மருந்து இல்லாத புதுநோய் வந்தால்? அப்போது மறுபடியும் அறைதான் பேசும். 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். ஏறத்தாழ இரண்டரை சதுர கிலோமீட்டரில் சுமார் எட்டரை லட்சம் பேர் வாழ்கிற இடம். வீடு வீடாகச் சென்று பரிசோதித்து, பள்ளிக்கூடங்களையும் மண்டபங்களையும் நோயாளிகளுக்கு ஒதுக்கி, பொதுக் கழிப்பிடங்களை நாள்தோறும் கழுவி, சாப்பாடும் கொடுத்துக் கட்டுப்படுத்தினார்கள். உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் தலைவரே ஜூலையில் அதைப் பாராட்டினார். 1897-இல் துப்பாக்கியோடு போனான். 2020-இல் சாப்பாட்டோடும் போனார்கள். வித்தியாசத்தைப் பாராட்டுவோம்!

ஆனால் அதே ஜூலை மாதம் பம்பாயின் மூன்று வார்டுகளில் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தபோது தெரிந்தது என்ன? குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேருக்குக் கிருமி தொற்றியிருந்தது. அதே வார்டுகளில் குடிசையல்லாத கட்டடங்களில் நூற்றுக்கு 16. இது சாவுக் கணக்கல்ல, தொற்றுக் கணக்கு. இருந்தாலும் ஏணி அதே ஏணி. பொதுக் கழிப்பிடமும் இட நெருக்கமும் காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வைச் செய்தவர்களே சொன்னார்கள். வீட்டிலேயே இருங்கள், விலகி நில்லுங்கள் என்று வானொலியில் சொன்னார்கள். பத்தடி அறையில் எட்டுப் பேர் எங்கே விலகி நிற்பது?

ஆகவே கங்கைகொண்டானில் இறங்கிய நம் சகோதரனைப் பார்த்து "வியாதியைக் கொண்டுவந்தவன்" என்று சொன்னது அநியாயம். அவன் வியாதியைத் தேடிப்போகவில்லை. கூலியைத் தேடிப்போனான். இந்தத் தண்ணீர் வளமுள்ள சீமையில் அவனுக்கு ஒரு காணி நிலமும் கௌரவமான கூலியும் இருந்திருந்தால், அந்த அறைக்கு அவன் போயிருக்கவே மாட்டான்.

நம் ஊர்க் கணக்கு

தோழர்களே! இப்போது நம் ஊருக்கு வருவோம்.

ஒன்பது திருப்பதிப் பெருமாள்களும் கருட வாகனத்தில் இங்கே எழுந்தருளும்போது எவ்வளவு ஜனக்கூட்டம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டமும் நாமும் நம்பியிருப்பது இந்தத் தாமிரவருணியை. மேலே நெல்லையில் சாக்கடை ஆற்றில் கலக்கிறது என்ற வழக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போயிற்று. 2024 நவம்பரில் நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றைப் பார்த்தார்கள். ஆற்றின் கடைமடையில் இருப்பவர்கள் நாம். மேலே ஒருவன் வாறுகாலைத் திறந்துவிட்டால் கீழே நம் தொட்டிலில் வந்து நிற்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அடித்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். பக்கத்து ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று நூற்றுக்கணக்கான பிரயாணிகள் தவித்தார்கள். வெள்ளம் எல்லார் தெருவிலும்தான் வந்தது. ஆனால் எந்தத் தெருவில் முதலில் வடிந்தது, எந்தத் தெருவில் கடைசியில் வடிந்தது? எந்தத் தெருவில் குழாயில் தண்ணீர் முதலில் வந்தது? இந்தக் கேள்விக்கு நமக்கு ஞாபகம் பதில் சொல்லும். பதிவேடு பதில் சொல்லாது.

இன்றைக்கு நாம் சொல்லவந்த விஷயம் இதுதான். பிறப்பு இறப்புப் பதிவேட்டில் செத்தவன் பெயர் உண்டு, வயது உண்டு, நோயின் பெயர் உண்டு. அவன் எத்தனை அறையில் குடியிருந்தான், எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தான், வாசலில் வாறுகால் மூடியிருந்ததா, திறந்திருந்ததா என்ற கணக்கு கிடையாது. 1921-இல் பம்பாய்ச் சுகாதார அதிகாரி புரட்சிக்காரர் அல்ல. சம்பளத்துக்கு வேலை செய்த ஓர் உத்தியோகஸ்தர். ஆனால் தம் அறிக்கையில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டார். அந்த ஒரு கட்டம், நூறு பிரசங்கம் சொல்லாததைச் சொல்லிவிட்டது. "குழந்தை நிமோனியாவில் செத்தது" என்று எழுதினால் அது தெய்வத்தின் குற்றம். "ஒற்றை அறையில் செத்தது" என்று எழுதினால் அது மனிதன் திருத்தக்கூடிய குற்றம்!

அந்தக் கட்டத்தை நாமே போடுவோம். எழுதப் படிக்கத் தெரிந்த வாலிபர்கள் தெருவுக்கு இருவர் சேருங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு வீட்டில் காய்ச்சலோ வாந்திபேதியோ கண்டால் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை பேருக்கு எத்தனை அறை? எந்தக் குழாய்த் தண்ணீர்? வாறுகால் எங்கே போய் விழுகிறது? வீட்டாரின் சம்மதத்தோடு கேளுங்கள். பெயரை வெளியே சொல்லாதீர்கள். தெருவை மட்டும் சொல்லுங்கள். ஒரு வருஷம் எழுதுங்கள். பிறகு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பேரூராட்சி அலுவலகத்துக்கு எல்லாரும் சேர்ந்து போவோம். எந்தத் தெருவில் குழாய் முதலில் போடவேண்டும், எந்த வாறுகாலை முதலில் மூடவேண்டும், யாருக்கு முதலில் வீடு கட்டித்தர வேண்டும் என்பதை அந்த நோட்டே சொல்லும். அதைப் படித்த பிறகு எந்த அதிகாரியும் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

828, 321, 191, 133. வீட்டுக்குப் போகிற வழியில் ஒவ்வொரு வாசலையும் பார்த்து, இது இந்த நான்கில் எந்த எண் என்று யோசித்துக்கொண்டே போங்கள். நாளைக் காலையில் நோட்டு வாங்குங்கள்.